பயனாளி எண் பதினேழு, மூட்டு வலி

திறந்தவெளியில் நாற்பதாயிரம் பேரைக் கூட்டி வைத்துப் பாட்டுக் கச்சேரி நடத்த வேண்டுமானால் மருத்துவ முகாம் ஒன்று வைத்தே ஆக வேண்டும் என்று அனுமதிக் கடிதத்தில் ஏழாவது நிபந்தனையாகப் போட்டிருந்தது. முதல் ஆறு நிபந்தனைகள் கழிப்பறை, மின்கம்பி, வண்டி நிறுத்துமிடம் என்று போயின. அவற்றில் எதிலும் ரிப்பன் வெட்ட வாய்ப்பில்லை. ஏழாவதில் இருந்தது. ஆகவே அதற்கு மட்டும் பதினான்கு பேர் கொண்ட தனி உபகுழு அமைக்கப்பட்டது.

அந்தப் பதினான்கு பேரில் நானும் ஒருவன். திருச்சுழியில் டுடோரியல் நடத்துகிறேன். பிழையில்லாமல் தமிழ் எழுதுவேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி என்னைச் செய்திக் குறிப்பு எழுதச் சேர்த்துக்கொண்டு கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். அட்டை தொங்கினால் மனிதனுக்கு ஒரு மிதப்பு வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

விழாவின் பெயர் கரிசல் பேரிசைத் திருவிழா. பரளச்சிக்குக் கிழக்கே, அறுவடை முடிந்து வெறுங்காடாகக் கிடந்த நூற்றிருபது ஏக்கரில் மேடை போட்டிருந்தார்கள். மூன்று நாள், பதினெட்டு இசைக் குழுக்கள், பங்குனி மாதம். பங்குனி வெயிலில் அந்தக் காட்டில் ஓணான்கூட வேலிக்கருவை நிழலை விட்டு வெளியே வராது. ஆனால் தேதி குறித்தவர்கள் சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து குறித்தவர்கள்.

உபகுழு பதினொரு முறை கூடியது. முதல் நான்கு கூட்டங்கள் ரிப்பனின் நிறத்துக்குப் போயின. சிவப்பு கூடாது, ரத்தம் மாதிரி இருக்கும் என்றார் ஒருவர். எந்தக் கட்சிக் கொடியிலும் இல்லாத நிறம் வேண்டும் என்றார் இன்னொருவர். தேடித் தேடிக் கடைசியில் ரோஸ் நிறத்தில் வந்து நின்றார்கள். அடுத்த கூட்டங்களில் குத்துவிளக்கு, ஆளுயர மாலை, புதிதாக வாங்கிய ஆம்புலன்ஸின் சாவியை வைத்துக் கொடுக்கும் தாம்பாளம் ஆகியவை முடிவாயின. ஒரு டாக்டர் வேண்டும் என்பது பதினொன்றாம் கூட்டத்தில், இதர விஷயங்கள் என்ற தலைப்பின் கீழ், எல்லாரும் வடை தின்று கை துடைத்துக்கொண்டிருந்தபோது நிறைவேறியது.

உபகுழுவின் அமைப்பாளர் சுந்தரபாண்டி. அருப்புக்கோட்டையில் இரண்டு கல்யாண மண்டபங்களுக்குச் சொந்தக்காரர். அவர் ஒரு காரியத்தை எடுத்தால் குறையில்லாமல் முடிப்பார் என்று பெயர். பயனாளிகள் என்ற யோசனை அவருடையதுதான்.

"முகாமுன்னா வியாதிக்காரன் வரணும். எந்த வியாதிக்காரன் எப்ப வருவான்னு யாருக்குத் தெரியும்?" என்று கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார். "சிறப்பு விருந்தினர் வந்து நிக்கிற நேரத்துல ஒரு பய வரலைன்னா நம்ம மானம் கப்பலேறிரும். அதனால முப்பது பேரை நாமளே ஏற்பாடு பண்ணிருவோம். எல்லா வியாதிக்கும் ஒரு ஆளு இருக்கணும். யாரும் விட்டுப்போச்சுன்னு நாளைக்குச் சொல்லக் கூடாது பாருங்க."

கைதட்டினோம். முப்பது வியாதிகளுக்குப் பட்டியல் போட்டது நான். இருமலை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள்; விருந்தினர் பேசும்போது இருமினால் மைக்கில் விழும் என்பது காரணம். பிறகு சுற்றியிருந்த ஊர்களில் ஆள் பிடித்து, ஆளுக்கு ஒரு எண்ணும் ஒரு வியாதியும் எழுதிய சீட்டைச் சட்டையிலும் சேலையிலும் குத்தினோம். யாருக்கும் ஒரு வியாதியும் இருக்கக் கூடாது என்பது சுந்தரபாண்டியின் கண்டிப்பான உத்தரவு. வியாதிக்காரனை நம்பி வெயிலில் உட்காரவைக்க முடியாது அல்லவா?

எண் பதினாறு நல்லமுத்து, சர்க்கரை. எண் பதினேழு அவர் மனைவி தங்கத்தாய், மூட்டு வலி. நரிக்குடிப் பக்கத்து ஆட்கள். மூன்று ஏக்கர் மானாவாரியும் இருபது ஆடுகளும் உண்டு. தங்கத்தாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. ஆட்டுக்குப் பின்னால் தினமும் ஏழெட்டு மைல் நடக்கிற கால். வேனில் இருந்து குதித்து இறங்கியவளைச் சுந்தரபாண்டி கூப்பிட்டுக் கண்டித்தார்.

"ஏம்மா, மூட்டு வலி இப்படியா குதிக்கும்?"

தங்கத்தாய் உடனே இடுப்பில் கைவைத்து நாலடி நொண்டிக் காட்டினாள். முப்பது பேரும் சிரித்தார்கள். "சாகுறதுக்குள்ள ஒரு நா சேருல உக்காந்து பாட்டுக் கேக்கணும்னு ஆசை சார்" என்று என்னிடம் சொன்னாள். "மூட்டு வலியென்ன, முட்டியையே கழட்டிக் குடுன்னாலும் குடுத்துருவேன்." நல்லமுத்து தன் சட்டையில் குத்தியிருந்த சர்க்கரையைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு முப்பது பேரையும் நாற்காலிகளில் உட்காரவைத்தோம். பந்தலுக்குள் பிரமுகர்களுக்கு சோபா போட்டிருந்தது. பயனாளிகளின் நாற்காலிகள் பந்தலுக்கு வெளியே, முகாம் கூடாரத்தின் முன்னால் கிடந்தன. படமெடுப்பவர் முகத்தில் நிழல் விழக் கூடாது என்று சொல்லியிருந்தார். யாரும் எழுந்து போகக் கூடாது, எண் வரிசை கெட்டுவிடும் என்று நானே ஒலிபெருக்கியில் அறிவித்தேன். கழிப்பறை அரை மைல் தள்ளி இருந்தது. அதனால் பெண்கள் கொடுத்த தண்ணீர்ப் பாட்டிலையும் தொடாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாடு திறப்பு விழாவுக்குப் பின்.

பதினோரு மணிக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் பன்னிரண்டுக்கு வருவதாகச் செய்தி வந்தது. அப்புறம் ஒன்றரை. அப்புறம் செய்தியே வரவில்லை. மேடையில் ஒலி சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸ் ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சுக்குள் போய் இடித்தது.

இரண்டே முக்காலுக்கு நல்லமுத்து எழுந்து, எண் வரிசையைக் கெடுத்துக்கொண்டு, எங்களிடம் வந்தார்.

"ஐயா, எம் பொண்டாட்டி ஒரு மாதிரியாப் பேசுறா. ஆட்டை அவுத்து விடு, ஆட்டை அவுத்து விடுங்குறா. ஆடு வீட்டுல கெடக்கு. தொட்டா மேலு நெருப்பாக் கொதிக்குது. ஒரு பொட்டு வேர்வை இல்ல."

சுந்தரபாண்டி பட்டியலைப் புரட்டினார். "பதினேழு. மூட்டு வலி."

"ஆமாய்யா."

"மூட்டு வலிக்கு ஏன் மேலு கொதிக்குது?"

நான் பட்டியலை எட்டிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்தபோதே தங்கத்தாய் நாற்காலியோடு சாய்ந்து விழுந்தாள்.

"மயக்கம் நம்ம பட்டியல்ல இருபத்திரெண்டு" என்றார் சுந்தரபாண்டி. "கனகலட்சுமி யாரும்மா?"

கனகலட்சுமி ஓடிவந்தாள். பாளையம்பட்டித் தறிக்காரக் குடும்பம். விழுந்து கிடந்தவளைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தன் சேலையில் குத்தியிருந்த சீட்டைப் பிய்த்து நல்லமுத்துவிடம் நீட்டினாள். "அண்ணே, எஞ் சீட்ட வச்சுக்கங்க. எனக்கு மயக்கம் வேண்டாம். அக்காவுக்குக் குடுத்துருங்க."

நல்லமுத்து அதை வாங்கி, மூட்டு வலியை எடுத்துவிட்டு மயக்கத்தைத் தங்கத்தாயின் தோளில் குத்த முயன்றார். அவசரத்தில் ஊசி ஏறவில்லை. அப்படிச் செய்தால் வைத்தியம் பார்ப்பார்கள் என்று அவர் நம்பினார். நாங்கள்தான் அவரை அப்படி நம்பவைத்திருந்தோம்.

"அதெல்லாம் மாத்த முடியாதுய்யா" என்றார் சுந்தரபாண்டி. குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே விளக்கிச் சொல்கிற குரல்தான். "பட்டியலு போட்டோவோட மேல போயிருச்சு. ஒண்ணு புரிஞ்சுக்கங்க. இது பயனாளிகளுக்கு வச்ச முகாமு. நோயாளின்னா அதுக்கு ஆஸ்பத்திரி இருக்கு."

அதற்குள் டாக்டர் பானுப்பிரியா வந்துவிட்டாள். இருபத்தாறு வயது. மூன்று நாள் ஒப்பந்தத்தில் வந்தவள். காலையிலிருந்து அவளுக்கு இட்ட வேலை, கோட்டின் பித்தான்களைப் போட்டுக்கொண்டு கூடாரத்தின் வலது பக்கம் நிற்பது. மண்ணில் மண்டியிட்டுத் தங்கத்தாயின் கண்ணை விரித்துப் பார்த்தாள். ஸ்டெத்தை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"டிரம்ஸ்தான் கேக்குது" என்றாள். "அஞ்சு நிமிஷம் அத நிப்பாட்டச் சொல்லுங்க."

"அது ஒலி, ஒளி உபகுழு. நாம தலையிட முடியாதும்மா."

அவள் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது. "இது வெயில் தாக்கம் சார். உடம்ப உடனே குளுர வைக்கணும். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். மொதல்ல உள்ள தூக்குங்க, கட்டில்ல போடணும்."

நல்லமுத்துவும் நானும் தங்கத்தாயைத் தூக்கினோம். கூடார வாசலில் ரோஸ் ரிப்பன் கட்டியிருந்தது. நான் நின்றுவிட்டேன். இன்றைக்கும் தூக்கத்தில் அது வருகிறது. ஒரு விரல் அகல ரிப்பன். என் வயிற்று உயரத்தில் தொங்கியது. நான் நின்றுவிட்டேன்.

"ரிப்பன அறுத்துட்டுப் போங்க!" என்று கத்தினாள் டாக்டர்.

சுந்தரபாண்டி இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தார். "டாக்டரம்மா, நீங்க சின்னப் பிள்ளை, உங்களுக்குத் தெரியாது. திறப்பு விழாவுக்கு முன்னாடி ஒரு கட்டில்ல ஆளு படுத்துட்டா அது பழைய கட்டிலு. பழைய கட்டில அவுக எப்படித் திறந்து வைப்பாக? நாளைக்குப் பேப்பர்ல என்ன போடுவான்?"

"அவுக எப்ப வருவாக?"

"அருப்புக்கோட்டைக்கு வந்துட்டாக. சொந்தக்காரர் வீட்டுல இருக்காக. இப்ப மணி மூணு. வெள்ளிக்கெழம மூணுலேருந்து நாலரை எமகண்டம். எமகண்டத்துல மருத்துவ முகாமத் தொறந்து, நாளைக்கு ஒரு உசுரு போச்சுன்னா பழிய யாரு ஏத்துக்குறது? மக்களோட உசுருல நாம அப்படி வெளையாடலாமா?"

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், பொய் இல்லை.

தங்கத்தாயைக் கூடாரத்தின் பக்கவாட்டில், கைப்பிடி அகலம் நிழல் விழுந்த இடத்தில் கிடத்தினோம். டாக்டர் பெண்களின் மடியில் இருந்த பாட்டில்களைப் பிடுங்கி அவள்மேல் ஊற்றினாள். ஐந்தரை மணி நேரம் வெயில் குடித்த தண்ணீர். உடம்பைத் துடைத்த துணி சூடாகவே இருந்தது. பிறகு டாக்டர் எழுந்து, காட்சிக்கு அடுக்கியிருந்த மருந்துப் பெட்டிகளில் ஒன்றின் சீலைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள். உள்ளே சலைன் பாட்டில்கள் இருந்தன. கையில் பிடிக்க முடியவில்லை. காலையிலிருந்து சுந்தரபாண்டி அவற்றை வெயிலில் அழகாக அடுக்கி வைத்திருந்தார்.

"இத ஏத்துனா கொன்னுரும்" என்று சொல்லி அவள் அதைத் தரையில் வைத்தாள். சீல் உடைத்ததற்கு ஒரு விளக்கக் கடிதம் தர வேண்டும் என்று சுந்தரபாண்டி அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"ஐஸ்! ஐஸ் எங்க இருக்கு?"

இருந்தது. பந்தலுக்குள் ஒரு பெரிய பெட்டி நிறைய இருந்தது. நல்லமுத்து ஓடிப்போய் மூடியைத் திறந்தார். ஐஸ் நடுவில் ரோஜா மாலை கிடந்தது. ஆளுயரம். திண்டுக்கல்லிலிருந்து வரவழைத்தது. இரண்டு பேர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மாலை வாடிரும்யா" என்றார் சுந்தரபாண்டி. "வாடுன மாலையப் போட்டா அவுக முகம் சுண்டிரும். அவுக முகம் சுண்டுனா அடுத்த வருசம் இந்த ஊருக்கு முகாமே கிடையாது. உங்க பேரன் பேத்தியெல்லாம் எங்க போயி வைத்தியம் பாக்கும்? அதையும் யோசிக்கணும்ல?"

நல்லமுத்து யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். வாழ்நாள் முழுக்க அட்டை போட்டவர்கள் சொன்னதை யோசித்தே பழகியவர். அந்த யோசனையில் நாலு நிமிஷம் போனது. பிறகு வெளியே தண்ணீர் லாரி போகிற சத்தம் கேட்டு அதன் பின்னால் ஓடினார்.

விருந்தினர் கார்கள் வருகிற மண்பாதையில் புழுதி கிளம்பக் கூடாது என்று காலையிலிருந்து லாரியில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். குடிக்கிற தண்ணீர் அது. டிரைவர் சத்தத்தில் கேட்காமல் போய்விட்டான். நல்லமுத்து தலைத்துண்டை அவிழ்த்து, பாதையில் தேங்கிய கரிசல் சேற்றில் முக்கிப் பிழிந்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். கருப்புத் தண்ணீர் சொட்டியது. அதை அவள் நெஞ்சில் போர்த்தினார். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த முதல் குளிர்ச்சி அதுதான். அவள் கண்ணைத் திறந்து, "பாட்டு ஆரம்பிச்சுட்டாகளா?" என்று கேட்டாள். தெளிவாகக் கேட்டாள்.

"இந்தா ஆரம்பிக்கப் போறாக தாயி. முழிச்சுக்கிட்டே இரு" என்றார் நல்லமுத்து.

மறுபடி கண் செருகிவிட்டது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். இப்பவே" என்றாள் டாக்டர். போனில் முக்கால் மணி நேரம் முயன்றும் யாரையும் பிடிக்க முடியவில்லை; மணி நாலைத் தாண்டிவிட்டது. கூட்டம் சேரச் சேர டவர் செத்துவிட்டது. வெளிவண்டிகள் எல்லாம் இரண்டு மைலுக்கு அப்பால் நிறுத்தப்பட்டிருந்தன. என் மோட்டார் சைக்கிளும் அங்கேதான். கைக்கெட்டும் தூரத்தில் ஒரே ஒரு வண்டிதான் நின்றது. புது ஆம்புலன்ஸ். முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, முகப்பில் குறுக்கே இன்னொரு ரோஸ் ரிப்பன். டிரைவர் தீபன் வெள்ளைச் சீருடையில் பக்கத்தில் நின்றான்.

"சாவி எங்கப்பா?"

தீபன் என்னைப் பார்த்தான். சாவி என்னிடம் இருந்தது. தாம்பாளத்தில், பட்டுத் துணிமேல், குங்குமம் வைத்து. விருந்தினர் தம் கையால் டிரைவரிடம் சாவியை வழங்குவார், பிறகு கொடியசைப்பார், பிறகுதான் வண்டி ஓடும். அந்தத் தாம்பாளத்தை ஏந்தி நிற்கும் பெருமையை உபகுழு எனக்கு அளித்திருந்தது. மூன்று மணிக்கே அதைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பாதி நேரம் நான் அதை ஒரு கையில் வைத்துக்கொண்டேதான் அலைந்தேன்.

"சார், குடுங்க சார்" என்றாள் டாக்டர்.

நான் சுந்தரபாண்டியைப் பார்த்தேன்.

"சாவிய அவுக குடுக்கணும்" என்றார் அவர். "பொறவு அவுக வந்து எதைக் குடுப்பாக? வெறுங்கையையா? இன்னும் இருவது நிமிஷம்தான் எமகண்டம். அதுக்கு மேல நானே முன்னாடி உக்காந்து கூட்டிட்டுப் போறேன். இந்தம்மாவத்தான் மொத ஆளா ஏத்துறோம். அது அவுகளுக்கும் பெருமைதானே?"

நல்லமுத்து என் முன்னால் வந்து நின்றார். முகத்தில் சேறு. சட்டையில் இன்னும் சர்க்கரை. அவர் கெஞ்சவில்லை, திட்டவில்லை. தாம்பாளத்தையே பார்த்தார். நான் தட்டைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன். அன்று முழுவதும் நான் செய்த நல்ல காரியம் அவ்வளவுதான், நாலு விரற்கடை. அவர் சாவியை எடுத்தார்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. தீபன் ஏறினான். தங்கத்தாயை உள்ளே கிடத்தினோம். டாக்டரும் நல்லமுத்துவும் ஏற, நானும் தாம்பாளத்தோடு ஏறிவிட்டேன். பின்னால் சுந்தரபாண்டி, "ஏலே தீபா, எமகண்டம்டா, நிறுத்துலே!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். தீபன் சைரனைப் போட்டான்.

சைரன் போட்டதுதான் தப்பு.

மண்பாதை தார்ரோட்டில் சேருகிற இடத்தில் வரவேற்பு வளைவு இருந்தது. அங்கே வரவேற்பு உபகுழு, அது வேறு குழு, ஒரு நையாண்டி மேளத்தையும் இருபத்தோரு பெண்களையும் பூரண கும்பத்தோடு நிறுத்தியிருந்தது. சைரன் சத்தம் கேட்டால் விருந்தினர் வருகிறார், உடனே ஆரம்பிக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லியிருந்த ஒரே விஷயம். எந்தப் பக்கமிருந்து வருவார் என்று யாரும் சொல்லவில்லை. வாழைக்கன்று கட்டிய வெள்ளை வண்டி சைரனோடு வருவதைப் பார்த்ததும் மேளம் அடித்துத் தூக்கியது. சரவெடி வெடித்தது. இருபத்தோரு பெண்களும் குடத்தோடு பாதையை அடைத்து நின்று குலவையிட்டார்கள். தூவிய பூ கண்ணாடியை மறைத்தது. தீபன் தலையை வெளியே நீட்டிக் கூச்சலிட்டான். அவன் கத்துவது மேளத்தில் யாருக்குக் கேட்கும்? மேளத்தோடு வந்த ஆட்டக்காரர் ஒருவர் வண்டிக்கு முன்னால் மண்டியிட்டு ஒரு சுற்று ஆடியும் முடித்தார்.

நல்லமுத்து பின்கதவைத் திறந்து குதித்தார். "தண்ணி! குடத்துத் தண்ணிய ஊத்துங்க தாயீ! எம் பொண்டாட்டி மேல ஊத்துங்க!"

மேளம் ஒவ்வொன்றாக நின்றது. முன்வரிசையில் நின்ற முருகேஸ்வரி உள்ளே எட்டிப் பார்த்தாள். தேங்காயும் மாவிலையும் வைத்த குடத்தை இறக்கிக் கவிழ்த்துக் காட்டினாள். தேங்காய் உருண்டு விழுந்தது. வேறொன்றும் விழவில்லை.

"குடத்துல தண்ணி இல்லண்ணே" என்றாள். அழுதுவிட்டாள். "ரொம்ப நேரம் நிக்கணும், வெறுங்குடமே போதும்னுட்டாக. இருவத்தியொண்ணும் வெறுங்குடம்தான்."

நல்லமுத்து நம்பவில்லை. வரிசையாக ஒவ்வொரு குடத்திலும் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே போனார். பதினைந்து பதினாறு குடம் பார்த்திருப்பார். எந்தப் பெண்ணும் அவரைத் தடுக்கவில்லை. முருகேஸ்வரி ஆரத்தித் தட்டில் இருந்த சிவப்புத் தண்ணீரை, எரிந்துகொண்டிருந்த சூடத்தை விரலால் தட்டிவிட்டு, தங்கத்தாயின் நெற்றியில் ஊற்றினாள். ஒரு கை அளவுகூட இல்லை.

"ஒதுங்குங்க, நான் போறேன்!" என்றான் தீபன். பெண்கள் ஒதுங்கினார்கள். எதிரே தார்ரோட்டிலிருந்து பதினான்கு கார்கள் உள்ளே திரும்பின. மணி நாலு முப்பத்தொன்று. விருந்தினர் நேரம் தவறாதவர்.

பாதை ஒரு வண்டி அகலம். பதினான்கு காரும் பின்னால் போக முடியாது என்று தீபன் வண்டியை ஓரத்தில் இறக்கினான். காலையிலிருந்து தண்ணீர் அடித்த கரிசல் மண். இரண்டு சக்கரமும் அச்சுவரை போய் உட்கார்ந்தன. எஞ்சின் அலறியது. சேறு வாழைக்கன்று மேலெல்லாம் தெறித்தது. பெண்கள் வெறுங்குடங்களை வீசிவிட்டு வண்டியைத் தள்ளினார்கள். மேளக்காரர்கள் தள்ளினார்கள். நான் தாம்பாளத்தைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளினேன். அசையவில்லை.

விருந்தினர் காரைவிட்டு இறங்கி நடந்து வந்தார். கெட்ட மனிதர் இல்லை. சேற்றைப் பார்க்காமல்தான் வந்தார். மூச்சு வாங்க ஓடிவந்த சுந்தரபாண்டி அவர் காதில் ஏதோ சொல்ல, அவர் முகம் மலர்ந்தது.

"அப்படியா! நான் வரதுக்கு முன்னாடியே முகாம் வேலைய ஆரம்பிச்சிருச்சா?" என்றார். வண்டிக்குள் எட்டிப் பார்த்து, நெற்றியில் சிவப்போடு கிடந்தவளைக் கும்பிட்டார். "இதுதாங்க உண்மையான சேவை. எனக்காகக் காத்திருக்கக் கூடாது. மக்களோட உசுரு காத்திருக்குமா? இத நான் எல்லா மேடையிலயும் சொல்லுவேன். விழாவ இங்கேயே வச்சுக்கலாம். பேச்சு வேண்டாம், ரெண்டே நிமிஷம் பேசுறேன்."

ஏழு நிமிஷம் பேசினார். ஓட்டுநர்கள், காவலர்கள், கூட வந்தவர்கள் எல்லாரும் அதற்குள் வண்டியைச் சேற்றிலிருந்து தூக்கி மேலே வைத்துவிட்டார்கள். அவ்வளவு கைகள் அதுவரை கார்களுக்குள் இருந்திருக்கின்றன. யாரோ கத்தரிக்கோலை நீட்ட, முகப்பில் இருந்த ரிப்பனை வெட்டினார். கைதட்டல் எழுந்தது.

நான் பின்கதவருகில் நின்றிருந்தேன். டாக்டர் தங்கத்தாயின் மணிக்கட்டிலிருந்து விரலை எடுத்தாள். கழுத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு அந்தக் கையை மெல்லத் தூக்கி நெஞ்சின்மேல் வைத்துவிட்டுத் தன் கடிகாரத்தைப் பார்த்தாள். நல்லமுத்து மனைவியின் காலடியில் உட்கார்ந்து, விலகியிருந்த சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டார்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று விருந்தினர் வெளியிலிருந்து கேட்டார்.

"நல்லா இருக்காக சார்" என்றார் சுந்தரபாண்டி. "நம்ம முகாமோட மொதப் பயனாளி."

விருந்தினர் பச்சைக் கொடியை உயர்த்தி அசைத்தார். மேளம் மறுபடி தொடங்கியது. பதினான்கு கார்களும் தார்ரோட்டுவரை பின்னால் போய் வழி விட்டன. சுந்தரபாண்டி வண்டியின் பக்கத்தில் பலமாகத் தட்டினார். "அவுக கொடியசைச்சுட்டாக. தீபா, சைரனப் போட்டு விரட்டுலே! ஒரு நிமிஷம் நிக்கப்பிடாது!"

நல்லமுத்து பின்கதவைச் சாத்த எழுந்தவர், தலையை வெளியே நீட்டி அவரைப் பார்த்துச் சொன்னார்:

"சைரன் வேண்டாம்யா. மெதுவாவே போகச் சொல்லுங்க. இனி ஒண்ணும் அவசரம் இல்ல."